குருதியிலுள்ள முதுசம்

ஆயுட்காப்புறுதிப் படிவமொன்றை ஒருமுறையேனும் நிரப்பியவர்கள் அதன் ஒழுங்கை அறிவார்கள். பெயர், விலாசம், வயது, தொழில் என்பவற்றையெல்லாம் கேட்டு முடித்தபின், விண்ணப்பகாரரின் தந்தையார் உயிரோடிருக்கிறாரா, இல்லையெனில் எத்தனையாவது வயதில் என்ன காரணத்தால் காலமானார், தாயார் எவ்வாறு, உடன்பிறந்தோர் எவ்வாறு என்று விசாரிக்கும் ஓர் அட்டவணை அதில் வரும். கொழும்பிலோ கண்டியிலோ வாழும் ஒருவர் அந்தக் கட்டங்களை நீரிழிவு, மாரடைப்பு, புற்றுநோய் என்ற சொற்களால் அதிகம் யோசியாமலே நிரப்பிவிடக்கூடும். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதியில், இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயல்களினிடையே அமைந்த முரசுமோட்டையிலே அதே படிவம் விரிக்கப்படுமானால், ‘ஷெல்’ என்ற ஒற்றைச் சொல் பல கட்டங்களில் வந்து அமரும். சில கட்டங்களிலே ‘காணாமற்போனவர்’ என்று எழுத நேரும். 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலே இதே வீதி வழியாகக் கிழக்கு நோக்கிப் பெயர்ந்து, விசுவமடு, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால் என்று அலைந்து, எஞ்சியோர் மட்டும் திரும்பி வந்து குடியமர்ந்த குடும்பங்களிலே, நாற்பதாவது வயதில் மாண்ட தகப்பனாருக்கு அறுபதாவது வயதில் என்ன நோய் கண்டிருக்கும் என்பதை அறிந்துகொள்ள வழியில்லை.

உயிர் போனதும் ஊர் போனதும் வீடு போனதுமே பேசித் தீராதிருக்கையில், குடும்பத்தின் நோய்ச் சரித்திரமும் கூடவே போயிற்று என்பது ஒரு பெரிய விஷயமாக யாருக்கும் தோன்றாதது இயல்பே. ஆயினும், “உங்கட குடும்பத்தில ஆருக்கும் இருதய வருத்தம் இருந்ததோ?” என்று கிளிநொச்சி வைத்தியசாலையில் வைத்தியர் கேட்கும்போது, விடை அறியாது திகைக்கும் ஒரு தலைமுறை இப்போது முப்பதுகளைக் கடந்துகொண்டிருக்கிறது. இவர்களுக்கு மரபணுச் சோதனையினால் விளையக்கூடிய பிரயோசனம் ஏனையோருக்கு விளைவதிலும் அதிகமாகும். ஏனெனில், மூத்தோர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியவற்றில் ஒரு பகுதியை அவர்கள் தம் குருதியிலிருந்தே வாசித்துக்கொள்ளலாம். அப்படி வாசிக்கப்பட்டது எவர் கைக்குப் போய்ச் சேரும், சேர்ந்தால் எதற்குப் பயன்படும் என்ற கேள்வியும் அதே காரணத்தால் இவர்களுக்கே மிக நெருக்கமானது.

விஷயத்தின் அடிப்படையைச் சற்றுச் சொல்லிவிடுகிறேன். நம் உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்தினுள்ளும் 23 சோடி நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்தும் மற்றையது தந்தையிடமிருந்தும் வந்தவை. டி.என்.ஏ. எனப்படும் இழையில் நான்கே வகைக் கூறுகள் முந்நூறு கோடி அளவில் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்க, அவ்வரிசையின் இடையிடையே, உடலை ஆக்கவும் இயக்கவும் வேண்டிய புரதங்களுக்கான விதிகளாக ஏறத்தாழ 20,000 மரபணுக்கள் அமைந்துள்ளன. 1990இல் ஆரம்பித்து 2003இல் நிறைவெய்திய மனித மரபணுத்தொகுதித் திட்டத்துக்கு ஏறக்குறைய 300 கோடி அமெரிக்க டொலர் ஒதுக்கப்பட்டிருந்தது. இன்று ஒருவருடைய தொகுதி முழுவதையும் வாசிக்க ஆயிரம் டொலரும் ஆகாது. செலவு இப்படிக் குறைந்ததனாலேயே, ஆய்வுகூடத்துக்குள் இருந்த சங்கதி காப்புறுதிக் கந்தோருக்கும் தொழிலதிபரின் மேசைக்கும் வந்து சேரக்கூடியதாயிற்று.

நம்மவர்க்கு மிக அணுக்கமான உதாரணமொன்று உண்டு. 2009ஆம் ஆண்டில், மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்த பெருந்துறை தண்டபாணி, ஐதராபாத்தின் கலவியல், மூலக்கூற்றுயிரியல் நிலையத்தைச் சேர்ந்த குமாரசாமி தங்கராஜ் முதலியோர் ‘நேச்சர் ஜெனற்றிக்ஸ்’ என்னும் சஞ்சிகையில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இதயத் தசையின் புரதமொன்றுக்குரிய எம்.வை.பி.பி.சி.3 என்னும் மரபணுவிலே 25 கூறுகள் விடுபட்டுப் போயிருக்கும் மாற்றமொன்று தெற்காசிய மக்களில் நூற்றுக்கு நால்வரிடம் காணப்படுகிறது என்பதும், இதயத் தசை தளர்ந்தோ தடித்தோ போகும் நோய்களோடு அதற்குத் தொடர்பு உண்டு என்பதும் அவர்கள் கண்ட முடிபு. இளமையில் அது பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாது. அதை உடையவர்கள் எல்லாருக்கும் இதயம் பழுதாகிவிடும் என்பதும் இல்லை. உணவு, உழைப்பு, இரத்த அழுத்தம், வேறு மரபணுக்களின் சேர்க்கை என்று பலவும் கூடியே விளைவைத் தீர்மானிக்கின்றன. ஆனாலும், கல்யாண வீட்டுப் பந்தலிலே நூறு பேர் பந்தியமர்ந்தால் அவர்களில் சராசரியாக நால்வர் இதைத் தாங்கியிருக்கக்கூடும் என்பது சாதாரணமான செய்தியாகாது. அந்த நால்வரும் தம் நிலையை அறிந்து, காலாகாலத்தில் வைத்தியரை அணுகி, உப்பையும் புகையிலையையும் குறைத்துக்கொள்வார்களானால் ஆய்வுக்குப் பலன் கிட்டிற்று எனலாம். காப்புறுதிக்காரர் மரபணுவைக் காரணங்காட்டத் தொடங்கினால் என்ன நேரும் என்பதைத் தில்லியிலே நடந்த ஒரு வழக்குக் காட்டும்.

அவ்வழக்கைச் சொல்லுமுன், காப்புறுதிக்காரரின் நியாயத்தையும் கேட்டுவிடுவது முறை. எவர்க்கு எப்போது ஆபத்து வரும் என்பது எவர்க்கும் தெரியாதிருப்பதனாலே, எல்லாரும் சிறுகச் சிறுகப் பணம் கட்டி, ஆபத்து வந்தவருக்கு அதிலிருந்து எடுத்துக் கொடுப்பது காப்புறுதியின் தர்மம். தனக்குக் கொடிய நோய் வரப்போவது ஒருவருக்கு மட்டும் தெரிந்து, அதை மறைத்து, பெருந்தொகைக்குக் காப்புறுதி எடுத்துக்கொள்வாரேயானால், அவ்வஞ்சனையின் சுமையை ஏனைய சந்தாக்காரரே சுமக்க வேண்டும். ஆகையினால் தான் அறிந்ததையெல்லாம் விண்ணப்பகாரர் மறையாது சொல்ல வேண்டுமென்று காப்புறுதிச் சட்டம் தொன்றுதொட்டு விதித்து வந்திருக்கிறது. இவ்வாதத்தில் உண்மை இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இதே வாதத்தை முடிவுவரை கொண்டுபோனால், யார் யாருக்கு என்ன வரும் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரிந்து, நோய் வராதவர்களிடம் மட்டும் பணம் வாங்கி, வரக்கூடியவர்களை வாசலிலேயே நிறுத்திவிடும் ஒரு வியாபாரம் மிஞ்சும். அதற்குக் காப்புறுதி என்று பெயர் வைப்பது வேடிக்கை.

தில்லி வழக்குக்கு வருவோம். சென்னையைத் தலைமையகமாகக் கொண்ட யுனைடெட் இந்தியா என்னும் பொதுத்துறைக் காப்பீட்டு நிறுவனத்தில் மருத்துவக் காப்பீடு எடுத்திருந்த ஒருவர், இதயத் தசை தடித்துக் குருதியின் வழியை மறிக்கும் நோய்க்குச் சிகிச்சை பெற்றுவிட்டுச் செலவைக் கோரினார். மேலே சொன்ன மரபணு தொடர்புபடும் நோய்களின் இனத்தைச் சேர்ந்ததே அதுவும். ‘மரபணுக் கோளாறுகளுக்குக் காப்பீடு இல்லை’ என்ற நிபந்தனையைக் காட்டி நிறுவனம் கையை விரித்தது. அவர் எந்த மரபணுச் சோதனையையும் மறைக்கவில்லை; நோயின் இனப் பெயரே அவருக்கு எதிராக நின்றது. 2018 பெப்ரவரி 26ஆம் திகதி தில்லி உயர்நீதிமன்றத்தின் நீதியரசர் பிரதிபா எம். சிங் தாம் வழங்கிய தீர்ப்பிலே, இவ்வளவு பரந்த, எல்லையற்ற விலக்கு இந்திய அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை தரும் சமத்துவத்துக்கு முரணான பாரபட்சம் என்று கூறினார். ஆராய்ந்து பார்த்தால் நீரிழிவுக்கும் இதயநோய்க்கும் புற்றுநோய்க்குங்கூட ஏதோ ஓரளவில் மரபணுச் சம்பந்தம் இருப்பதால், அந்த நிபந்தனையை அப்படியே விட்டால் காப்பீட்டுப் பத்திரத்தில் மிஞ்சுவது காலொடிந்த கேஸ் மட்டுந்தான். மூன்று வாரத்துள், மார்ச் 19ஆம் திகதி, இந்தியாவின் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மரபணுக் கோளாறு என்ற காரணத்துக்காக உரிமைக் கோரிக்கைகளை மறுக்கலாகாதென்று நிறுவனங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பிற்று. தீர்ப்பு மேன்முறையீட்டில் உச்சநீதிமன்றத்துக்குச் சென்றது. எனினும் ‘மரபணு’ என்ற சொல்லை ஒரு கதவுத் தாழ்ப்பாளாகப் பயன்படுத்தலாமா என்ற கேள்வி பகிரங்கமாகக் கேட்கப்பட்டுவிட்டது.

தொழில் வழங்குவோரின் கதை வேறு விதமானது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போக முயன்ற நம் இளைஞர்களுக்கு, ஒரு மருத்துவ அறிக்கையின் ஒற்றை வரி எத்தனை பேரின் பயணத்தை நிறுத்தும் என்பதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. அங்கே தேடப்படுவது இப்போதுள்ள தொற்றுநோய். நாளை வரலாமென்ற நோயைத் தேடிய முதலாளிமாரும் இருந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் பெரும் புகையிரதக் கம்பனிகளுள் ஒன்றான பேர்லிங்ற்றன் நோர்தேர்ன் சாந்தா ஃபே, தண்டவாளப் பராமரிப்பில் அதிரும் கருவிகளைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு நரம்பு நசிந்துபோன தொழிலாளர் நட்டஈடு கேட்டபோது, வைத்திய பரிசோதனை என்று அழைத்துக் குருதியெடுத்து, எதற்கென்று சொல்லாமலே மரபணுச் சோதனை செய்வித்தது. நரம்பு பலவீனப்படும் ஓர் அபூர்வ மரபணுக் குறையைக் கண்டுபிடித்துவிட்டால், “வருத்தம் வேலையால் வரவில்லை, உன் பிறப்பால் வந்தது” என்று சொல்லிவிடலாமல்லவா? மணிக்கட்டுக்கு ஏன் இவ்வளவு குருதி என்று தாதியாக இருந்த ஒரு தொழிலாளியின் மனைவிக்கு எழுந்த சந்தேகத்தினாலேயே விஷயம் வெளிவந்தது. 2001இல் அந்நாட்டின் சமவாய்ப்பு ஆணைக்குழு வழக்குத் தொடர, 2002இல் கம்பனி 22 இலட்சம் டொலர் கொடுத்து இணங்கிப் போயிற்று.

இந்த வழக்கை நான் மீண்டும் மீண்டும் நினைப்பதற்குக் காரணம், அதில் மரபணு அறிவு நோயைத் தீர்க்கவோ தடுக்கவோ பயன்படாமல், பொறுப்பைக் கைமாற்றப் பயன்பட்டது என்பதே. அதிரும் கருவியை மாற்றுவதற்கு ஆகும் செலவைக் காட்டிலும் தொழிலாளியின் பிறப்பைக் குறை சொல்வது மலிவு. பூச்சிநாசினியை முதுகில் சுமந்து தெளிக்கும் கூலிக்காரர், தூசு பறக்கும் நெல்லாலையிலே நிற்பவர், தையல் இயந்திரத்தின் முன் பத்து மணித்தியாலம் குனிந்திருக்கும் பெண் என்று உடலால் உழைக்கும் எவரிடமும் இந்த உபாயம் செல்லுபடியாகும்.

அதற்கும் முன்னால், 1970களில், அரிவாட்செல் இரத்தச்சோகையின் மரபணு ஒன்றை மட்டும் தாங்கி முழுச் சுகத்தோடு வாழ்ந்த கறுப்பினத்தவர்கள் நோயாளிகளாகவே எண்ணப்பட்டு, அமெரிக்க விமானப்படைக் கல்லூரியில் 1981 வரை சேர்க்கப்படாதிருந்தார்கள். தாங்கி நிற்பதும் நோயுற்றிருப்பதும் வேறென்ற அரிச்சுவடியை அக்கல்லூரி கற்கப் பல வருஷம் பிடித்தது. நம் நாட்டிலும் இந்தப் பாடத்துக்கு வேலையுண்டு. தலசீமியா நோய்க்குக் குருநாகலில் தேசிய நிலையம் இருக்கிறது. மாதந்தோறும் குருதி ஏற்றப்பட வேண்டிய பிள்ளைகள் பிறவாதிருக்கும் பொருட்டு, கல்யாணத்துக்கு முன் இளைஞர்கள் தம்மைச் சோதித்துக்கொள்ள வேண்டுமென்று சுகாதாரத் துறையினர் பிரசாரம் செய்கின்றனர். தாங்கிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. ஒருவர் மட்டும் தாங்கியென்றால் பிள்ளைக்கு நோய் இல்லை. ஆனால் ‘இரத்தத்தில் ஏதோ குறையாம்’ என்ற அரைகுறைச் செய்தி கல்யாணத் தரகரின் சைக்கிளில் ஏறினால், அது காப்புறுதி முகவரை விட வேகமாக ஊரைச் சுற்றிவிடும். தரகரைச் சட்டத்தால் கட்ட முடியாது என்பதை ஒப்புக்கொண்டு அப்பாற் செல்கிறேன்.

இத்தனைக்கும் ஒரு மருந்தாகச் சொல்லப்படுவது உடன்பாடு. உன் அனுமதியின்றி உன் மரபணுவைச் சோதிக்கமாட்டோம், உன் கையொப்பமின்றி எவர்க்கும் கொடுக்கமாட்டோம் என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வீடு கட்ட வங்கியில் கடன் கேட்டு நிற்பவரிடம், கடனோடு சேர்ந்த ஆயுட்காப்புறுதிக்காக இங்கிலீசில் அச்சிட்ட பதினொரு பக்கத்தை நீட்டி, பென்சிலால் புள்ளடியிட்ட இடங்களிலெல்லாம் கையொப்பம் வைக்கச் சொன்னால், அவர் வைக்காமல் என்ன செய்வார்? தேவையுள்ளவன் இடும் கையொப்பம் அவனுடைய சம்மதத்துக்கு அத்தாட்சி ஆகாது என்பது கமக்காரரின் கடன் சரித்திரத்தை அறிந்த நமக்குப் புதிய செய்தியன்று.

அதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமையின்படி முதுசக் காணியிலே பங்குடைய ஒருவர் தம் பங்கைப் பிறத்தியாருக்கு விற்க எண்ணினால், முதலிற் பங்காளிகளுக்கும் உரித்தாளிகளுக்கும் அறிவித்து, வாங்க அவர்களுக்கு ஒரு தவணை கொடுத்தாக வேண்டும். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அந்த உரிமையை வரையறுத்தும் வைத்திருக்கிறது. பிரிபடாத காணியில் ஒருவருடைய பங்கு இதுதான் என்று வேலி போட்டுக் காட்ட முடியாதாகையால், ஒருவர் செய்கை மற்றவரைத் தொடும் என்பதை நம் முன்னோர் உணர்ந்திருந்தார்கள். மரபணு முழுக்க முழுக்க அத்தகைய பிரிபடாத சொத்து. என் தொகுதியிலே பாதி என் மகளிடம் இருக்கிறது. ஏறக்குறைய பாதி என் தம்பியிடம் இருக்கிறது. எட்டில் ஒரு பங்கு என் சித்தப்பாவின் மகனிடம் இருக்கிறது. நான் என் அறிக்கையை ஒரு கம்பனிக்குக் கொடுத்தால், கேட்கப்படாமலே அவர்களைப் பற்றியும் ஏதோ சொல்லிவிட்டவனாகிறேன். காணியை எழுதும்போது நொத்தாரிசு கேட்கும் கேள்வியை இங்கே எவரும் கேட்பதில்லை.

இது வெறும் தர்க்கம் என்று நினைப்பவர்களுக்கு 2023ஆம் ஆண்டில் நடந்ததைச் சொல்லலாம். எச்சிலைக் குழாயில் துப்பி அஞ்சலில் அனுப்பினால் வம்சாவளியையும் நோய்ச் சாத்தியங்களையும் சொல்லும் ‘23அன்ட்மீ’ என்ற அமெரிக்கக் கம்பனியின் ஏறக்குறைய 14,000 கணக்குகளைத் திருடர் திறந்தார்கள். உறவினரைத் தேடித் தரும் வசதியினூடாக, அந்தப் பதினாலாயிரம் வாசல்கள் வழியே ஏறத்தாழ 69 இலட்சம் பேருடைய விபரங்கள் அவர்கள் கைக்குப் போயின. 2025 மார்ச்சில் கம்பனி வங்குரோத்தைப் பிரகடனப்படுத்தியதும், கோடிக்கணக்கில்லாவிட்டாலும் கோடியைத் தாண்டிய மனிதரின் மரபணுத் தரவுகள் கடன்காரர் முன்னிலையில் விற்பனைக்குரிய ஆஸ்தியாகக் கணக்கிடப்பட்டன. ஸ்காபரோவில் இருக்கும் ஒரு பேரன், பிறந்தநாட் பரிசாகக் கிடைத்த குழாயில் விளையாட்டாகத் துப்பினால், இரணைமடுவின் கீழ்ச் சிறுபோகம் விதைக்கும் அவனுடைய பெரியம்மாவின் குருதியும் ஓரளவுக்கு அந்தப் பேரேட்டில் பதிந்தே போகும்.

அந்தப் பேரன் வாழும் கனடாவே இவ்விஷயத்திற் கடுமையான சட்டம் இயற்றிய நாடு என்பது நம் உறவுகள் அறிந்து வைத்திருக்க வேண்டியது. அமெரிக்கா 2008 மே 21இல் சட்டமாக்கிய மரபணுப் பாரபட்சத் தடை, பிரதிநிதி லூயிஸ் ஸ்லோற்றர் 1995இலேயே அதற்கு வித்திட்டும் பதின்மூன்று வருஷம் கழித்தே நிறைவேறியது. மருத்துவக் காப்புறுதியையும் 15 பேருக்குக் குறையாத தொழிலிடங்களையும் அது கட்டுப்படுத்துகிறதேயன்றி, ஆயுட்காப்புறுதியைத் தொடவில்லை. கனடாவில் செனற்றர் ஜேம்ஸ் கவன் முன்னின்று கொணர்ந்து 2017 மே 4இல் அரச அங்கீகாரம் பெற்ற சட்டமோ, எந்த ஒப்பந்தத்துக்கும், எந்தப் பண்டத்துக்கும் சேவைக்கும் மரபணுச் சோதனையையோ அதன் முடிவையோ நிபந்தனையாகக் கேட்பதையே குற்றமாக்கியது; தண்டம் பத்து இலட்சம் டொலர் வரை, அல்லது ஐந்தாண்டுச் சிறை வரை, அல்லது இரண்டும். காப்புறுதிக் கம்பனிகள் எதிர்த்தன. மத்திய அரசாங்கமே தன் கட்சி உறுப்பினர் கொண்டுவந்த அச்சட்டம் அரசியலமைப்புக்கு ஒவ்வாதென்று நீதிமன்றத்தில் வாதிட்டது. ஈற்றில் 2020 யூலை 10ஆம் திகதி உச்சநீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையால் சட்டத்தை நிலைநிறுத்திற்று. கேட்கப்பட்டவர் சம்மதித்தாரா என்று ஆராயப் புகாமல், கேட்டதையே குற்றமென்று வைத்ததுதான் இச்சட்டத்தின் கூர்மை. தேவையுள்ளவரின் கையொப்பத்தைப் பற்றி மேலே சொன்ன குறைக்கு எனக்குத் தெரிந்த நேர்மையான பரிகாரம் அது ஒன்றே. படிவத்திலுள்ள பழைய அட்டவணையை, அதாவது தந்தை எதனால் இறந்தார் என்ற கேள்வியை, அச்சட்டமும் தடுக்கவில்லை.

பிரித்தானியாவில் அரசாங்கமும் காப்புறுதியாளரும் செய்துகொண்ட உடன்பாடு, 5 இலட்சம் பவுணுக்கு மேற்பட்ட ஆயுட்காப்புறுதிக்கு ஹன்ரிங்ரன் நோயின் முன்னறி சோதனையை மட்டும் கேட்க அனுமதிக்கிறது. வஞ்சனை பற்றிய பயத்துக்கு இவ்வளவு இடம் கொடுத்தாற் போதும் என்பது என் அபிப்பிராயமும்.

இலங்கைக்கு வரும்போது முதலில் ஒரு நன்றி சொல்ல வேண்டும். அரசாங்க வைத்தியசாலையிலே கட்டணமின்றிச் சிகிச்சை கிடைப்பதனால், காப்புறுதி மறுக்கப்பட்ட அமெரிக்கருக்கு வரும் கதி முரசுமோட்டையாருக்கு அப்படியே வந்துவிடாது. ஆனால் இலவச வைத்தியம் வேலை தராது. வீட்டுக் கடனும் தராது. தனியார் கம்பனிகளின் கூட்டு மருத்துவக் காப்புறுதி, அரச ஊழியரின் ‘அக்ரஹார’ காப்புறுதி, வங்கிக் கடனோடு ஒட்டிவரும் ஆயுட்காப்புறுதி என்று, மருத்துவ விபரம் கேட்கும் கரங்கள் நாளுக்கு நாள் பெருகுகின்றன. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியற் கொள்கை, பிறப்பிடம் என்பவற்றின் பேரால் பாரபட்சம் கூடாதென்கிறது. அந்த நிரலில் மரபணு இல்லை. அடிப்படை உரிமை வழக்கும் அரசின் செயலுக்கு எதிராகத்தான் செல்லுமேயன்றி, தனியார் முதலாளியின் வாசலில் நின்றுவிடும்.

2022 மார்ச் 19ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைத்த 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், மரபணுத் தரவை விசேட வகைத் தரவுகளுள் ஒன்றாகப் பெயர் சொல்லியே சேர்த்திருப்பது போற்றத்தக்கது. ஒரு நோக்கத்துக்கென்று திரட்டியதை வேறு நோக்கத்துக்குத் திருப்பலாகாதென்ற விதியும் அதில் உண்டு. ஆயின், அதன் பிரதான பகுதிகள் 2025 மார்ச் 18இல் அமுலுக்கு வருமென்று குறித்துவிட்டுப் பின்னர் ஒத்திவைத்தார்கள். உடன்பாடு என்ற வாசல் அச்சட்டத்திலும் திறந்தே இருக்கிறது. காப்புறுதியாளரும் முதலாளியும் மரபணுச் சோதனையை நிபந்தனையாகக் கேட்டலே தவறு என்னும் ஒரு வாசகம், தரவுச் சட்டத்திலோ 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் காப்புறுதிச் சட்டத்தின் கீழான ஒழுங்குவிதியிலோ வந்துவிட்டால், இந்தக் கட்டுரையின் பாதிக்கு வேலையிராது.

மற்றப் பாதி வடக்குக்கு உரியது. 2023 யூன் மாதத்தில் முல்லைத்தீவு மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயிலே குடிநீர்க் குழாய் பதிக்க நிலத்தை அகழ்ந்தபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. 2025இல் யாழ்ப்பாணத்துச் செம்மணிச் சித்துப்பாத்தி மயானத்திலும் அகழ்வு நடந்தது. எடுக்கப்பட்ட எலும்பு யாருடையதென்று நிச்சயிப்பதற்கு, தாய், தந்தை, பிள்ளை, சகோதரர் ஆகியோரின் குருதியோ எச்சிலோ வேண்டும். 2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகமோ வேறெந்த அமைப்போ ஒருநாள் ஊர் ஊராக வந்து மாதிரி சேகரிக்குமாயின், மகனைத் தேடும் தாய் எந்தப் படிவத்தையும் வாசித்துக்கொண்டிருக்கமாட்டாள், கையை நீட்டுவாள். உலகத்திலே உடன்பாடு என்ற சொல் இவ்வளவு பலவீனப்படும் இடம் வேறொன்று இல்லை.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ஆளடையாளத்துக்குப் பயன்படுத்துவது, டி.என்.ஏ.யின் சில குறித்த இடங்களில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகளின் எண்ணிக்கையை மட்டுமே. அந்த எண்களிலிருந்து நோயைப் பற்றி அறியக்கூடியது சொற்பம். ஆனால் எண்கள் எடுத்தபின் எஞ்சிய குருதி குளிர்பெட்டியிலே இருக்கும். அதிலிருந்து எந்நேரமும் எதையும் வாசிக்கலாம். இரு வாசிப்புகளும் எவ்வளவு நெருங்கியவை என்பதை மேரி-கிளெயார் கிங் என்ற விஞ்ஞானியின் வாழ்க்கையே காட்டும். ஆர்ஜென்ரீனாவின் இராணுவ ஆட்சியில் காணாமலாக்கப்பட்டோரின் குழந்தைகளைப் பாட்டிமாரின் குருதியைக் கொண்டு அடையாளம் காண 1984இல் அங்கு சென்று வழிவகுத்தவர் அவர். மார்புப் புற்றுநோயோடு தொடர்புள்ள பி.ஆர்.சி.ஏ.1 என்ற மரபணு 17ஆவது நிறமூர்த்தத்தில் இருப்பதை 1990இல் கண்டறிந்து அறிவித்தவரும் அவரே. பேரனைக் கண்டுபிடித்த அதே வகைக் குருதியிலேதான் பாட்டியின் புற்றுநோய்ச் சாத்தியமும் எழுதப்பட்டிருந்தது. அந்தப் பாட்டிமார் வெறும் நம்பிக்கையோடு குருதியைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. போராடி 1987இல் சட்டத்தால் அமைந்த தேசிய மரபணுத் தரவு வங்கி ஒன்றைப் பெற்றார்கள்.

நம் பிரதேசத்திலே அத்தகைய சேகரிப்புத் தொடங்குமுன், குருதி கொடுப்பவர் கையில் தமிழில் எழுதிய ஒரு பக்கக் கடிதம் சேர வேண்டும். குருதி எங்கே வைக்கப்படும், எந்த ஆய்வுகூடம் வாசிக்கும், எந்த வருஷம் அழிக்கப்படும், பொலிஸ், காப்புறுதிக் கம்பனி, தொழில் வழங்குநர், வெளிநாட்டு விசா அலுவலகம் ஆகிய எவர் கேட்டாலும் கொடுக்கப்படாது என்பதற்கு எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு பொறுப்பு, மீறினால் எவரிடம் முறையிடுவது என்பவை அதிலே பெயரும் விலாசமுமாக இருக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாதவருக்குக் கிராம அலுவலர் அல்லாத ஒருவர், சங்கக் காரியதரிசியோ பள்ளிக்கூட வாத்தியாரோ, அதை வாசித்துக் காட்ட வேண்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் அதில் எழுதியிருப்பது தெரிந்திருக்க வேண்டும், ஏனெனில் கொடுக்கப்படுவது அவர்களுடையதுந்தான். கையொப்பமிட்ட கடிதத்தின் மூலப்பிரதி கந்தோரில் இருக்கட்டும். ஒரு பிரதி அந்தத் தாயின் பெட்டகத்தில், காணி உறுதியோடு சேர்த்து வைக்கப்படட்டும்.